கஞ்சிக் கடையில் சம்பந்தம்

"தட்டு ஏந்தாம ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சு நான் பாத்ததில்ல. நீ முடிச்சுக் காட்டு, பாப்போம்."

அத்தை இதைச் சொன்னது இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில். தாராவியில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஐரோலியில் வேலை முடிந்து வந்து, ஈரக்குடையை எங்கே விரித்து வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்புகிறேன் என்று முந்தைய வாரமே வீட்டில் சொல்லியாகிவிட்டது. நான் பயந்த அளவுக்கு அதில் சண்டை வரவில்லை. நம் ஊர்ப் பக்கத்துக்காரர்கள், செம்பூரில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம் என்று கேட்டதும் அத்தை பாதி இறங்கிவிட்டாள். சண்டை தட்டில்தான் வந்தது.

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண் காப்பித் தட்டோடு வந்து நிற்க வேண்டும். எங்கள் சந்தில் எனக்கு மூத்த அக்காமார் எல்லோரும் அப்படி நின்றவர்கள்தான். எதிர்வீட்டு அக்காவைத் தட்டோடு கதவுவரை நடந்து போய்த் திரும்பி வரச் சொன்னார்கள். காலில் ஏதும் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தார்களாம். அதை நான் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து கணக்குப் பாடம் படித்துக்கொண்டே பார்த்தேன். நான் ஏந்த மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அத்தைக்கு அதுவும் இல்லை, கைநாட்டு. கரண்ட் பில், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவானாலும் சின்ன வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்கிறேன். பிறகு பி.காம். முடித்தேன். இப்போது ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில், என்னைவிட வயதில் மூத்தவர்கள் சிலர் எனக்குக் கீழே வேலை செய்கிறார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். என்னைப் பார்க்க வேண்டுமானால் எதிரே உட்கார்ந்து பார்க்கட்டும். நானும் அவர்களைப் பார்க்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அது நடக்காது என்று தெரியும். கடைசி நிமிடத்தில் அத்தை தட்டைக் கையில் திணித்துவிடுவாள், வந்தவர்கள் முன் நான் மறுக்கவும் முடியாது. அதனால் இரண்டு வீட்டாரும் வெளியே ஒரு ஹோட்டலில் சந்திக்கட்டும் என்றேன். அப்பா "சரி, போவோம்" என்றார்.

அத்தை அப்படி எளிதில் விடவில்லை.

"வாறேன். ஆனா அந்தப் பொம்பளை மூஞ்சியில கொஞ்சம் ஏத்தம் தெரிஞ்சாலும் நான் எந்திரிச்சிருவேன். நான் எந்திரிச்சா உங்கப்பன் எனக்கு முன்னால எந்திரிச்சு நிப்பான், தெரியும்லா?"

தெரியும். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா இறந்தாள். அன்றிலிருந்து அடுத்த சந்தில் இருக்கும் அத்தையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு வாளிகூட வாங்கியதில்லை. அப்பா அவளுக்குத் தம்பி. அக்கா எழுந்தால் தம்பி எழுவார், இந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எந்த ஹோட்டல் என்பதில் நான் ரொம்பவே மண்டையை உடைத்துக்கொண்டேன். மாட்டுங்காவின் பெரிய இட்லி, தோசைக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை வாசலில் கூட்டம் நிற்கும்; நாம் கடைசி வாய் விழுங்குவதற்குள் அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பேச முடியாது. மால் பக்கம் போகவே கூடாது. முதல் சம்பளத்தில் அப்பாவை அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனேன். முள்கரண்டியைப் பார்த்ததும் பசியில்லை என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நினைவுக்கு வந்ததுதான் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கும் கஞ்சிக் கடை. சின்னக் கடை. கஞ்சியைத் தவிர வேறு எதுவும் கிடையாது, ஆனால் கஞ்சியில் அவர்கள் செய்யாதது இல்லை. எந்த அரிசி வேண்டும், தண்ணியாகவா கெட்டியாகவா, மேலே என்ன போடுவது என்று எல்லாம் நம்மைக் கேட்டுத்தான் செய்வார்கள். நான் கட்டிக்கொள்ள நினைத்தவரும் நானும் வேலை முடிந்து வரும் வழியில் பல தடவை போயிருக்கிறோம். கல்யாணம் என்ற பேச்சை முதலில் எடுத்ததே அங்கேதான். ஆளுக்கு ஒரு மண்கிண்ணம், ஒரு கரண்டி. யார் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. அப்பாவின் ஆடும் பல்லுக்கும் நல்லது. இதைத் தேர்ந்தெடுத்த என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டில் "ஹோட்டல்" என்று மட்டும் சொன்னேன். அவரும் தன் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை அத்தை அரக்குப் பட்டு உடுத்திக்கொண்டு வந்தாள். அப்பா பட்டறைப் பசையின் வாடை போக எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். டாக்சியில் போனோம். கடையின் பெயர்ப் பலகை இங்கிலீஷில் இருந்தது. கண்ணாடிக் கதவில் ஆவி பறக்கும் ஒரு கிண்ணத்தின் படம். அத்தை அதைப் பார்த்து, "சூப்புக் கடையா?" என்றாள். உள்ளே போகலாம் என்றேன்.

அவரும் அவருடைய அம்மாவும் முன்னமே வந்திருந்தார்கள். அந்த அம்மா வெளிர்நீலப் புடவை, நெற்றியில் திருநீறு, கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. கணவர் இறந்து நான்கு வருடம். எழுந்து நின்று கும்பிட்டார். அத்தையும் கும்பிட்டாள்.

"பஸ்லயா வந்தீக?"

"ஆமா. செம்பூர்ல ஏறினா நேரா கொண்டாந்து விட்டுருவான்."

"நாங்க டாக்சி. அவன் சயான் பக்கமாச் சுத்திக் கூட்டிட்டு வாறான். எங்களுக்கு வழி தெரியாதுன்னு நெனப்பு."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடியும்வரை யாரும் யாரையும் முறை சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பேச்சு முடிந்தால்தான் மதினி, அண்ணன் எல்லாம் வரும். அதுவரை "நீங்க"தான். அத்தை தண்ணீர்த் தம்ளரை நகர்த்துவதைக்கூட "இத நீங்க எடுத்துக்கோங்க" என்று ஒவ்வொரு எழுத்தாக வைத்துச் சொன்னாள். நான் மேசைக்கடியில் துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

பரிமாறும் மராத்தி அக்கா மெனு கார்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் இங்கிலீஷ். இதில் எனக்குப் பழக்கம் உண்டு. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தித் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

"பூண்டும் மிளகும் போட்ட கஞ்சி. தேங்காய்ப்பால் கஞ்சி, மேலே பொரிச்ச வெங்காயம். காளான் கஞ்சி, கருக்கின மிளகாயோட. கோகம் போட்ட புளிப்புக் கஞ்சி, கூடப் பொரிச்ச போம்பில் மீன். சிவப்பரிசிக் கஞ்சி, மாங்காய்த் தொவையலோட. முட்டைக் கஞ்சி. கீரைக் கஞ்சி. வெல்லமும் மாம்பழமும் போட்ட கஞ்சி..."

ஒவ்வொன்றுக்கும் அத்தையின் முகம் ஒரு படி இறங்கியது. காளானும் மிளகாயும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இதுல கஞ்சி இல்லாதது எதாச்சும் இருக்கா?" என்றாள்.

"இல்ல அத்தை. இது கஞ்சிக் கடைல்லா."

அந்த அம்மா குடிக்க எடுத்த தண்ணீர்த் தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என் பக்கம் சாய்ந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, மேசை முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள்:

"ஏட்டி, கொண்டான் குடுத்தான் கஞ்சி எப்பட்டி கொண்டாருவாக?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அங்கே பெண் கொடுத்தவர்களும் பெண் எடுத்தவர்களும்தான் முதல் கஞ்சியைக் காய்ச்சிக் கொண்டுவர வேண்டும். அவர்களைத்தான் கொண்டான் கொடுத்தான் என்பது. காப்பியோ பலகாரமோ மற்றவர்கள் யார் வேண்டுமானாலும் தரலாம். கஞ்சி அவர்களுடைய முறை. அதனால் நல்ல காரியம் பேசும் இடத்தில், அதுவும் சம்பந்திகளாகப் போகிற இரண்டு வீட்டார் நடுவில், அந்தச் சொல்லையே யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். நான் அதை மெனு கார்டு முழுக்கச் சத்தமாக வாசித்திருந்தேன்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அம்மா இறந்த அன்று அத்தைதான் தன் புருஷன் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். என்னை ஒரு மூலையில் உட்காரவைத்து, தம்ளரில் ஊற்றி, ஊதி ஊதிக் கொடுத்தாள். அன்றைக்கு என் தொண்டையில் இறங்கியது அது ஒன்றுதான். அதனால் எனக்குக் கஞ்சி என்றால் அத்தை; வேறொன்றும் தோன்றியதில்லை. எந்த முறையில் அவள் அதைக் கொண்டுவந்தாள் என்று நான் யோசித்ததும் இல்லை.

செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த அவருக்கு எதுவும் புரியவில்லை. "என்ன ஆச்சு? காரம் அதிகமா இருக்குமோன்னு பாக்கறாங்களா? கம்மியாப் போடச் சொல்லலாம்" என்றார்.

"நீ செத்த சும்மா இரு" என்றார் அவர் அம்மா.

"வேற எடத்துக்குப் போவோம், பக்கத்துலயே இட்லிக் கடை இருக்கு" என்று நான் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் மராத்தி அக்கா ஒரு பலகையில் ஐந்து சின்ன மண்குவளைகளைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்றாக வைத்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் உப்புப் போட்ட வெறும் கஞ்சி கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். "யே ஹமாரி தரஃப் சே, மாவ்ஷி" என்று, இது எங்கள் உபசாரம் என்கிற மாதிரி, அத்தையைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். ஐந்து குவளையிலும் ஆவி பறந்தது.

அத்தை முந்தானையை இழுத்துத் தோளில் போட்டாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது. அப்பாவின் இரண்டு கைகளும் மேசை விளிம்பில் ஊன்றின. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அந்த அம்மா. "ஒண்ணு சொல்லிடுதேன். அப்புறம் போறதுன்னா எல்லாருமாப் போவோம்."

அத்தை எழவும் இல்லை, சரியாக உட்காரவும் இல்லை.

"இவன் அப்பா போனப்ப நல்ல மழை. எங்க ஆளுக முக்கால்வாசி ஊர்ல. மகளைத் தாணேயில குடுத்திருக்கோம். அவங்கதான கஞ்சி கொண்டாரணும்? மக வந்துட்டா, மருமகனும் வந்துட்டாரு. பெரியவங்க ஒருத்தரும் வரல. டிராஃபிக்காம். கொஞ்ச நேரத்துல ஹெல்மெட்டு போட்ட ஒருத்தன் பையத் தூக்கிட்டு வந்து நிக்கான். என்னடான்னா, சம்பந்தி வீட்டுல போன்ல ஆர்டர் போட்டு அனுப்பியிருக்காங்க. 'பாபி, ஓடிபி பதாவோ'ங்கான். இவன் அப்பாவைக் கூடத்துல கெடத்தியிருக்கு. நான் சம்பந்திக்குப் போன் போட்டு ஓடிபி கேட்டு வாங்கி அவன்கிட்டச் சொல்லுதேன்."

அத்தையின் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது.

"பிரிச்சுப் பாத்தா என்னது?"

"வெஜிடபிள் பிரியாணி."

"துட்டி வீட்டுக்கா?"

"ரைத்தாவும் வச்சிருந்தாங்க."

"வெளங்கும்" என்றாள் அத்தை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு முடிவு பண்ணுனேன்" என்றார் அந்த அம்மா. "இவனுக்கு எங்க பொண்ணு எடுத்தாலும், கஞ்சி கொண்டாரத் தெரிஞ்ச வீட்டுல எடுக்கணும்னு. இங்க வந்து உக்காந்து, உங்க பொண்ணு கஞ்சி கஞ்சின்னு படிக்கையில எனக்கும் பக்குனுதான் இருந்துச்சு. ஆனா உங்க மூஞ்சி மாறுச்சு பாருங்க. அதப் பாத்ததும் மனசு ஆறிப்போச்சு. சரி, இவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குன்னு."

அத்தை இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றினாள்.

"நாங்க வந்திருப்போம்" என்றாள். "மழையாவது டிராஃபிக்காவது. தூக்குச்சட்டியத் தலையில வச்சிட்டு நடந்தே வந்திருப்பேன்." பிறகு அந்த அம்மாவை நேராகப் பார்த்து, "அதுக்காக இப்பவே அட்வான்ஸாக் குடிச்சுப் பாக்கணுமா, மதினி?" என்றாள்.

மதினி.

அப்பாவுக்கும் அது கேட்டது. அவர் கைகள் மேசை விளிம்பிலிருந்து இறங்கி மடிக்குப் போயின. என் துப்பட்டா நுனி கயிறு மாதிரி முறுக்கேறியிருந்தது; அதை விட்டேன், தானாகச் சுற்றி அவிழ்ந்தது. மாப்பிள்ளையாகப் போகிறவர் மட்டும் என்னைப் பார்த்து, "இப்ப ஓகேவா?" என்று கண்ணால் கேட்டார். ஓகே என்று தலையசைத்தேன். வெளியில் வந்ததும் எல்லாவற்றையும் விளக்கிக்கொள்ளலாம்.

முதல் குவளையை எடுத்தது அப்பாதான். "ஆறிப்போகும்லா" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றார். அந்தக் கடையில் அதுவரை அவர் பேசியது அவ்வளவுதான்.

"நீ குடிச்சிட்டியா? இனி என்னத்தச் சொல்ல" என்று அத்தை தலையில் கைவைத்தாள். ஆனாலும் வெறும் கஞ்சியை அவள் தொடவில்லை. முதலில் இனிப்பாக ஏதாவது வாயில் போடுவோம் என்று மதினிகள் இருவரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். வெல்லமும் மாம்பழமும் போட்ட கஞ்சி ஐந்து கிண்ணம் வந்தது. மேலே நெய்யில் வறுத்த முந்திரி. அத்தை ஒரு கரண்டி எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டு, அடுத்ததைத் தன் வாயில் போட்டாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கோகம் கஞ்சி வேண்டும் என்றாள். கூட வந்த போம்பில் மீனைப் புரட்டிப் பார்த்து, "மீனுக்கு எவனாவது ரவையத் தடவுவானா?" என்று திட்டிக்கொண்டே முழுதும் தின்றாள். கருக்கின மிளகாய் போட்ட காளான் கஞ்சியில் அந்த அம்மாவுக்குப் புரையேறியது. அத்தை எழுந்து போய் உச்சந்தலையில் தட்டிக்கொடுத்தாள்.

இந்தத் தடவை அவள் எழுந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா சிரிக்க?" என்றார் அந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். எங்கள ஏன் வீட்டுக்கு வரவேண்டாம்னு சொன்ன?"

அத்தை கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மழுப்பினால் பிறகு என்றைக்கும் மழுப்ப வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

"வரவேண்டாம்னு இல்ல ஆன்ட்டி. வீட்டுக்கு வந்தா நான் தட்டு ஏந்தி வந்து நிக்கணும். எனக்கு அது பிடிக்கல. இந்த மாதிரி உக்காந்து பேசணும்னு நெனச்சேன்."

"அவ்வளவுதானா?" என்றார். "நான் ஏந்துன தட்டுல ரெண்டு தம்ளர் கவுந்து எங்க மாமனார் வேட்டியில ஊத்திருச்சு. மனுசன் குதிச்சாரு. அதுக்கப்புறமும் எடுத்துக்கிட்டாங்க."

"எங்க வீட்ல இப்படி ஒண்ணு நடந்துச்சா?" என்றார் மகன்.

"உனக்குச் சொல்லுவாங்களா?"

நான் கேட்க நினைத்ததையும் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன். அப்பா இங்கே தனியாக இருப்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்கு வந்துவிடுவேன். அதற்கு அவர்கள் வீட்டில் யாரும் முகம் சுளிக்கக்கூடாது.

"நீ வராம இருந்தாத்தான் நான் ஏன்னு கேப்பேன்" என்றார் அந்த அம்மா.

அப்பா தன் கிண்ணத்தில் அடியில் ஒட்டியிருந்த கடைசி மாம்பழத் துண்டைக் கரண்டியால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அது அவர் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது தூறல். பஸ் நிறுத்தம்வரை எல்லோரும் சேர்ந்து நடந்தோம். அத்தையும் அந்த அம்மாவும் ஒரே குடையில் முன்னால் போனார்கள். மழை அத்தையின் பட்டுப்புடவை மேல்தான் விழுந்தது, அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. தாணேக்காரர்களைப் பற்றித்தான் இன்னும் பேச்சு. பஸ் வரும் நேரத்தில் அந்த அம்மா திரும்பி, "அப்போ வீட்டுக்கு எப்ப வரலாம்?" என்று கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள். நீதானே பெரிய ஆள், நீயே சொல்லு என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க" என்றேன். மகனின் போனுக்கு அங்கேயே எங்கள் வீட்டு இடத்தை அனுப்பினேன். "ஆனா எங்க சந்து மேப்ல சரியாக் காட்டாது. மெயின் ரோட்டுல மருந்துக் கடை முன்னால நான் வந்து நிக்கேன்."

"அன்னைக்குக் காப்பி யாரு கொண்டாருவாளாம்?" என்றாள் அத்தை. அவள் அதை விடுவதாக இல்லை.

"நான் கொண்டாறேன்" என்றார் அப்பா.

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? தட்டோட நடந்து காட்டச் சொல்லுவாக, பரவால்லயா?"

"நடந்துட்டாப் போச்சு."

நாளை அந்த ஞாயிறு. ஐந்து தம்ளர் வைக்கிற அளவுக்கு ஒரு தட்டு எங்கள் வீட்டில் இருந்ததில்லை. இன்று காலை கடைத்தெருவுக்குப் போய் விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கி வந்தேன். கழுவித் துடைத்து, அப்பாவின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.